கிளட்ச் இல்லாத வண்டி

அக்டோபர் 14

பெனசிர் எழுதச் சொல்லியிருக்கா. பிசியோதெரபி பண்ற பொண்ணு, வாரத்துக்கு ரெண்டு நாள் வீட்டுக்கு வருவா. தினமும் காலையில இடது பாதத்து மேல பஞ்சு, சீப்பு, ஐஸ் கட்டி மூணையும் வச்சுப் பார்க்கணும், என்ன தெரியுதுன்னு தேதி போட்டு எழுதணும். "மனசுல பட்டதையும் சேர்த்து எழுதுங்கக்கா, பாரம் குறையும்"னா. பாரம் ஒண்ணும் இல்லம்மான்னேன். இருந்தா தெரியுமே.

பஞ்சு தெரியலை. சீப்பு தெரியலை. ஐஸ் தெரியலை.

முதல் நாள்ங்கிறதால விவரத்தையும் எழுதிடறேன். பேர் கோகிலவாணி, வயசு நாப்பது. சிங்காநல்லூர்ல நானும் என் வீட்டுக்காரர் மௌலியும் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கோம். ரேஸ் வண்டிகளை அவர் கட்டுவார், நான் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லுவேன். டிராக்ல பன்னெண்டு வருஷமா ஓட்டறேன், உடம்புல ஒரு கீறல் பட்டதில்ல. ஆடிப்பெருக்கு அன்னைக்கு வீட்டு வாசலைச் சோப்புப் போட்டுக் கழுவறப்ப வழுக்கி விழுந்தேன். முட்டி பிசகுனது சரியாயிடுச்சு. முட்டிக்குப் பக்கத்துல ஓடற நரம்பு இழுபட்டதுதான் சரியாகலை. மேல்பாதம் முழுசும் மரத்துக் கிடக்கு. முன்பாதத்தைத் தூக்க வராது, நடந்தா செருப்பு தரையில தேயும். ஷூவுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் பட்டை வச்சுத்தான் நடக்கறேன். "ஆறு மாசம் பார்க்கலாம். அதுக்குள்ள உணர்ச்சி வரலைன்னா அப்புறம் ரொம்ப நம்பிக்கை வச்சுக்க வேண்டாம்"னு டாக்டர் நேராவே சொல்லிட்டார். ஆறு மாசம்னா பிப்ரவரி மூணு.

அவ்வளவுதான். வேற மனசுல பட்டது எதுவும் இல்ல.

அக்டோபர் 15

தெரியலை. தெரியலை. தெரியலை. மத்தியானம் தக்காளி ரசம் வச்சேன்.

அக்டோபர் 22

சாயங்காலமானா வெந்நீர்ல காலை வைக்கணும். பிளாஸ்டிக் டப்புல மௌலி தண்ணி கொண்டு வருவார். முதல்ல அவர் கையை விட்டுப் பார்ப்பார், சூடு சரியா இருக்குன்னு தோணுனாத்தான் என் காலை எடுத்து உள்ள வைப்பார். எனக்குத் தெரியாதில்ல. நான் டிவி பார்த்துட்டு இருப்பேன். இன்னைக்கு நகமும் வெட்டி விட்டார். "உங்களுக்கு வேற வேலை இல்லையா"ன்னு கேட்டேன். "இதுவும் சர்வீஸ்தான்"னார்.

பெனசிர் சொல்றா, உணர்ச்சி திரும்பி வர்றப்ப சந்தோஷமா வராதாம். எறும்பு ஊர்ற மாதிரி, எரியற மாதிரி, வலியாத்தான் வருமாம். "வலிச்சா உடனே போன் பண்ணுங்கக்கா, ஏன் வலிக்குதுன்னு என்கூட சண்டை போட வேண்டாம்"னா.

நவம்பர் 3, ஞாயிறு

தனபால் அண்ணன் வந்திருந்தார். பஞ்சு மில்லுக்காரர், எங்க மோட்டார் கிளப்புல பழைய ஆள். தீபாவளிப் பலகாரம்னு ஒரு கூடை. உட்கார்ந்த உடனே ஆரம்பிச்சிட்டார்.

இதைச் சொல்லணும். எனக்கும் அவருக்கும் பன்னெண்டு வருஷ வழக்கு. அவர் ஆட்டோமேட்டிக் கட்சி, நான் கியர் கட்சி. ஒவ்வொரு பிப்ரவரியும் கிளப்போட கடைசி நாள் கூட்டத்துல, மத்த ரேஸெல்லாம் முடிஞ்சப்புறம், எங்க ரெண்டு பேருக்கு மட்டும் மூணு சுத்துப் போட்டி. என் பச்சை வண்டி மௌலி கட்டினது, அஞ்சு கியர். அவரோடது வெளிநாட்டு வண்டி, கியர் தானா விழும். தோத்தவங்க தோள்ல துண்டைப் போட்டுட்டு, வாளியும் கரண்டியுமா மொத்தக் கிளப்புக்கும் பிரியாணி பரிமாறணும். இது வரைக்கும் வாளி என் கைக்கு வந்ததில்ல.

"அம்மிணி, இனிமேலாவது ஒத்துக்கோ. மனுசன் கியரை என்ன வேகமா மாத்துனாலும் நடுவுல ஒரு நொடி வண்டி வெறுங்கையோட ஓடுது. என் வண்டியில ரெண்டு கிளட்ச், ரெண்டும் உள்ளயே இருக்கு. ஒண்ணு விடறதுக்கு முன்னாடி இன்னொண்ணு அடுத்த கியரைப் பிடிச்சு வச்சிருக்கும்."

"அப்பறம் ஏனுங்ணா வருசா வருசம் நீங்க பரிமாறறீங்க?"

"ஓட்டறவன் சரியில்ல. வண்டி சரியாத்தான் இருக்கு."

நான் எப்பவும் சொல்றதையே சொன்னேன். வளைவுல பாதி போறப்ப அதுவா யோசிச்சு கியரை ஏத்தும், வண்டி இழுவையை விட்டுடும். இலையில எது வேணும்னு கேக்காமயே அள்ளி வைக்கிற பந்திக்காரன் மாதிரி. எனக்கு எது எப்ப வேணும்னு எனக்குத் தெரியும்.

அவர் என் காலைப் பார்த்தார். சிரிப்பு நின்னு போச்சு. "இந்த வருசம் என் வண்டியை நீ ஓட்டு அம்மிணி. உன் வண்டியை நான் எடுத்துக்கறேன். இடது காலுக்கு அதுல வேலையே இல்ல"ன்னார். மௌலி சுவத்துக் காலண்டரைப் பார்த்துட்டு இருந்தார். ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சிருக்காங்கன்னு புரிஞ்சுது.

வேண்டாம்ணான்னேன். அதிரசம் நல்லா இருந்துச்சுன்னும் சொன்னேன். தின்னு பார்க்கலை.

நவம்பர் 10, ஞாயிறு

தெரியலை மூணும். மௌலி கறி வாங்க உக்கடம் போனார். நான் ஒர்க்‌ஷாப்புல பின்பக்கத்து இடத்தைக் கூட்டினேன். டயர் அடுக்கு சரிஞ்சு கிடந்துச்சு, திரும்ப அடுக்கினேன். இடுப்பு வலி.

நவம்பர் 11

பச்சை வண்டியோட பின் பம்பர்ல ஒரு நசுங்கல் இருக்குன்னு மௌலி சொன்னார். பூனை ஏதாவது தள்ளி விட்டிருக்கும்னேன். அவர் சரின்னுட்டார். டயரைத் தள்ளற பூனையை நான் பார்த்ததில்ல, அவரும் பார்த்திருக்க மாட்டார்.

நவம்பர் 24, ஞாயிறு

யார்கிட்ட மறைக்கறேன், இது என் நோட்டு. ஓட்டித்தான் பார்த்தேன். போன ரெண்டு ஞாயிறும் பார்த்தேன், இன்னைக்கும் பார்த்தேன்.

பிளாஸ்டிக் பட்டையோட பெடல் மிதிக்க வராது, கழட்டிட்டுத்தான் ஏறணும். கழட்டினா முன்பாதம் தொங்குது. காலைத் தூக்கி கிளட்ச் மேல வைக்கறேன்னு நினைச்சு வைக்கறேன், விரல் பெடலுக்கு அடியில போய் மாட்டிக்குது. மாட்டினது தெரியறதில்ல. குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியுது. நாப்பது அடி இடத்துல ஒரு தடவை கியர் போட ரெண்டு தடவை குனிஞ்சு பார்த்தேன். டிராக்ல அந்த நேரத்துல மூணு வண்டி என்னைத் தாண்டிப் போயிருக்கும்.

வருத்தமா இருக்கணும். அடுப்புல பால் வச்சது ஞாபகம் வந்து இறங்கி வந்துட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

மௌலி கறிக்குப் போனதும் வண்டியில ஏறினேன். கிளட்ச் பெடல் மாறியிருக்கு. கீழ்ப்பக்கமும் பக்கவாட்டுலயும் தகடு வச்சு வெல்டிங் பண்ணி, மேல சொரசொரப்பு ரப்பர் ஒட்டியிருக்கு. விரல் அடியில போக வழியில்ல.

நேத்து சாயங்காலம் வெல்டிங் சத்தம் கேட்டுச்சு. கேட் கொக்கின்னு சொன்னார்.

இப்ப கால் மாட்டலை. ஆனா கிளட்ச்சை விடறதுதான் விஷயம். மிதிக்க யாரும் மிதிக்கலாம். எந்த இடத்துல பிடிக்குதுன்னு கணுக்காலுக்குத் தெரியணும், அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி மெதுவா மேல வரணும். என் கால் ஒண்ணு கீழ இருக்கு, இல்லைன்னா மேல இருக்கு. நடுவுல எதுவும் இல்ல. வண்டி துள்ளித் துள்ளி நின்னுச்சு.

கறிக்கொழம்பு வச்சேன். பெடலைப் பத்தி அவரும் பேசலை, நானும் பேசலை.

டிசம்பர் 13

கார்த்திகை தீபம். வாசப்படியில விளக்கு வரிசை வச்சு ஏத்தினேன். ஏத்திட்டு அங்கயே நின்னு எதிர்வீட்டு விளக்கைப் பார்த்துட்டு இருந்தேன். மௌலி உள்ள இருந்து வந்து, "என்னமோ பொசுங்கற வாசம்"னார். அப்புறம்தான் குனிஞ்சேன். என் இடது பாதத்து ஓரம் விளக்குத் திரி மேல இருக்கு. தோல் வெளுத்துச் சுருங்கி இருந்துச்சு. வேற யார் காலையோ பார்க்கற மாதிரி பார்த்தேன்.

அவர் வாசல்லயே உட்கார்ந்து சொம்பு சொம்பா தண்ணி ஊத்தினார். மருந்து போட்டார். கண்ணைத் தோள்ல துடைச்சுக்கிட்டார்.

"எனக்கு வலிக்கலைங்க. நீங்க எதுக்கு அழறீங்க?"

"வலிக்கலைன்னுதான்."

விளக்கு எல்லாம் நல்லா நின்னு எரிஞ்சுது இந்த வருஷம். காத்து இல்ல.

டிசம்பர் 14

தனபால் அண்ணனுக்குப் போன் பண்ணேன். சரிங்ணா, வண்டி மாத்திக்கலாம்னு சொன்னேன். "பிரியாணி நீதான் பரிமாறப் போற அம்மிணி"ன்னார். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. சளி போல.

டிசம்பர் 22, ஞாயிறு

டிராக்ல முதல் பயிற்சி. நாலரை மாசத்துக்கப்புறம் ஹெல்மெட் போட்டேன். வாசம் அப்படியே இருந்துச்சு.

தனபால் அண்ணன் வண்டியில ரெண்டே பெடல். கிளட்ச் இருக்க வேண்டிய இடம் வெறிச்சுன்னு கிடக்கு, பிரேக் பெடல் அந்த இடத்துல பாதி வரைக்கும் அகலமா வந்து உட்கார்ந்திருக்கு. கியர் வண்டிக்காரங்க இதுல ஏறினா எல்லாருக்கும் ஒரே தப்புதான் நடக்கும். வேகத்தைக் குறைக்கற நேரத்துல இடது கால் தானா எழுந்து கிளட்ச்சைத் தேடும், கிடைக்கறது பிரேக். கிளட்ச்சை மிதிக்கற பலத்தோட பிரேக்கை மிதிச்சா வண்டி நட்டுக்கும். கிளப்புல ரெண்டு பேர் மூக்கு உடைஞ்சிருக்கு.

அதுக்காக மௌலி ஒரு வெல்க்ரோ பட்டை கொண்டு வந்திருந்தார். இடது காலை ஓரத்துல இருக்கற கால்தாங்கியோட சேர்த்துக் கட்டறதுக்கு.

"செத்த கால் எங்கங்க எழுந்து போகப் போகுது?"

"பழக்கம்னு ஒண்ணு இருக்கு வாணி. பேசாம இரு."

கட்டிவிட்டார். பத்து சுத்து ஓட்டினேன். கிளம்பறப்ப அது பாயற பாய்ச்சல் கியர் வண்டியில யாராலயும் முடியாது, அதை எழுதிடறேன். சக்கரம் வழுக்காம எவ்வளவு பலத்தைத் தரையில போடணுமோ அவ்வளவுதான் போடுது. கியர் மாறறது காதுல கேக்குது, உடம்புல தெரியலை. வளைவுல நான் சொன்ன மாதிரியே நடுவுல கியரை ஏத்துச்சு, திட்டினேன். அப்புறம் ஸ்டீரிங் பின்னாடி இருக்கற ரெண்டு துடுப்பால விரல்ல மாத்தற முறைக்குப் போனேன். அதுல நான் கேக்கற வரைக்கும் ஏத்தாது. பரவாயில்ல.

"எப்படி இருந்துச்சு?"ன்னு தனபால் அண்ணன் ஆசையா கேட்டார். நல்லா இருந்துச்சுங்ணான்னேன். லிஃப்ட்ல போற மாதிரி இருந்துச்சு. அதைச் சொல்லலை.

ஜனவரி 5, ஞாயிறு

ரெண்டாவது பயிற்சி. இன்னைக்கு தனபால் அண்ணன் பச்சை வண்டியை எடுத்தார். கிளம்பற கோட்டுல மூணு தடவை அணைஞ்சு நின்னுச்சு. நாலாவது தடவை கிளட்ச்சே மிதிக்காம கியரைத் தள்ளிட்டார். கியர்பாக்ஸ் கத்தின கத்துல மௌலி காதைப் பொத்திக்கிட்டார். இருபது வருஷமா கியர் வண்டியைத் தொடலையாம் மனுசன். நான் இறங்கிப் போய் ஜன்னல்ல குனிஞ்சு, "மெதுவா விடுங்ணா, பிடிக்கற இடம் வந்ததும் நில்லுங்க, கால்ல தெரியும்"னேன்.

"எங்க தெரியுது? ஒரு எழவும் தெரியலை"ன்னார்.

சொல்லிட்டு அவரே என் காலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிட்டார். நான்தான் பேச்சை மாத்தினேன். ரெண்டு கால் இருக்கறவருக்கே தெரியலை.

பஞ்சு தெரியலை, சீப்பு தெரியலை, ஐஸ் தெரியலை. காலையிலயே எழுதியிருக்கணும், மறந்துட்டேன்.

ஜனவரி 14

பொங்கல். சக்கரை கம்மியாப் போச்சு. சாயங்காலம் சாக்ஸ் மடிஞ்சு உறுத்தற மாதிரி இருந்துச்சு. கழட்டிப் பார்த்தேன், மடிப்பு இல்ல. எந்தக் கால்னு கவனிக்கலை. பெனசிர் ரெண்டு வாரம் லீவு, அவ அக்காவுக்குப் பிரசவம்.

ஜனவரி 19, ஞாயிறு

கடைசிப் பயிற்சி. ஆட்டோமேட்டிக்ல நான் போட்ட ஒரு சுத்து, பச்சை வண்டியில பன்னெண்டு வருஷத்துல நான் போட்ட எல்லா சுத்தையும் விட வேகம். கொஞ்சம் நஞ்சமில்ல, ரெண்டு நொடிக்குப் பக்கம். மௌலி ஸ்டாப்வாட்சை என்கிட்ட நீட்டினார். பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்தேன். தனபால் அண்ணன் கிளப் முழுக்கப் போன் பண்ணிச் சொல்லிட்டார். அவர் கட்சி ஜெயிச்சிடுச்சு, என் கையாலயே.

திரும்பி வர்றப்ப வண்டியில மௌலி பேசிட்டே வந்தார். நம்ம வண்டிக்கும் அண்ணன் வண்டி மாதிரி ரெண்டு கிளட்ச் இருக்கற கியர் பெட்டி போட முடியும், எடை கூடும், ஆனா எஞ்சினைத் திருத்தி ஈடு கட்டிடலாம், இந்தக் கால் எப்படியிருந்தாலும் நீ இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம். நல்ல விதமாத்தான் சொன்னார்.

"காலே இல்லாம ரெண்டு நொடி வேகமாப் போக முடியும்னா, இத்தனை வருஷம் நான் என்னத்தைப் பண்ணிட்டு இருந்தேன்?"

சிங்காநல்லூர் சிக்னல்ல நின்னோம். கியரை நியூட்ரல் பண்ணிட்டு, கையை எடுத்து என் இடது முட்டி மேல வச்சார். அங்க உணர்ச்சி இருக்கு, அதனால தெரிஞ்சுது. பச்சை விழுந்ததும் எடுத்துக்கிட்டார்.

"வண்டி உன்னை ஓட்டலை வாணி, நீதான் அதை ஓட்டினே. அந்த ரெண்டு நொடி வெறும் வேகம்"னு வீட்டுக்கு வந்தப்புறம் சொன்னார். அவருக்கே அதுல நம்பிக்கை இருந்த மாதிரி தெரியலை. தோசைக்கு அரைச்சேன்.

ஜனவரி 27

தெரியலை. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே தெரியலை.

ஜனவரி 31

டாக்டர்கிட்ட போற தேதி நாலாம் தேதிக்குக் கிடைச்சிருக்கு. என்ன சொல்லுவார்னு தெரிஞ்ச விஷயம்தான். மௌலி என்னைக் கேக்காம சென்னைக்குப் போன் பண்ணி ரெண்டு கிளட்ச் பெட்டி விசாரிச்சுட்டு இருந்தார், கதவு வழியா கேட்டுச்சு. நான் போய், வாங்கி மாட்டிடுங்கன்னேன். "அவசரமில்ல"ன்னார். மாட்டிடுங்க, பச்சை வண்டியைச் சும்மா நிறுத்தி வச்சு என்ன பண்றதுன்னேன். அவர் போனைக் கையில வச்சுட்டே நின்னார்.

எனக்கு ஒண்ணும் ஆகலை. கொத்தமல்லி ஆய்ஞ்சுட்டு இருந்தேன், இலையெல்லாம் குப்பையில போட்டுட்டு காம்பை எடுத்து வச்சிருக்கேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கொஞ்சம் விவரமா எழுதணும்.

கிளப் கூட்டம். சாமியானாவுக்குக் கீழ பிரியாணி அண்டா தம்முல இருந்துச்சு. எல்லாரும் என் காலைப் பார்க்காம என்கிட்ட பேசினாங்க. கடைசிப் போட்டிக்கு ஏறி உட்கார்ந்ததும் மௌலி வெல்க்ரோ பட்டையை எடுத்துட்டு வந்தார். சுத்தி முப்பது நாப்பது பேர் நிக்கறாங்க. போன்ல படம் எடுக்கறாங்க. மாட்டைக் கட்டற மாதிரி காலைக் கட்டறதை எல்லாரும் பார்க்கணுமா?

"வேண்டாங்க."

"வாணி."

"ஆறு மாசமா அது ஒரு இஞ்ச் அசையலை. இன்னைக்கு மட்டும் எந்திரிச்சு ஓடிடுமா? போங்க."

குரல் பெருசா வந்துடுச்சு. அவர் பட்டையைச் சுருட்டிப் பாக்கெட்ல வச்சுட்டுப் போயிட்டார்.

கொடி இறங்குச்சு. முதல் ரெண்டு சுத்து நான்தான் முன்னாடி. தனபால் அண்ணன் கிளம்பறப்ப இந்தத் தடவை அணைக்கலை, நல்லாப் பழகியிருக்கார். பச்சை வண்டி எடை கம்மி, வளைவுல ஒட்டிட்டே வரும். கண்ணாடியில பார்க்கறப்பெல்லாம் அது தெரிஞ்சுது. என் வண்டியை நான் முன்னாடி இருந்து பார்த்ததே இல்ல. ஒரு பக்கம் விளக்கு லேசா மங்கல், அதைச் சரி பண்ணச் சொல்லணும்.

மூணாவது சுத்து. நீளமான நேர் ரோடு முடிஞ்சு, ஒரு பெரிய திருப்பம் வரும். அங்க மூணுல இருந்து ரெண்டுக்கு இறக்கணும். ஆட்டோமேட்டிக்ல நான் விரலால துடுப்பை ஒரு தட்டுத் தட்டினாப் போதும். விரல் ரெடியா இருந்துச்சு. அப்பப் பின்னாடி பச்சை வண்டி கத்துச்சு. தனபால் அண்ணன் கியரை இறக்காம தடுமாறிட்டு இருக்கார், எஞ்சின் ரெண்டாவதைக் கேட்டுக் கேட்டு அழுகுது. அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். பன்னெண்டு வருஷமா அந்த இடத்துல அந்தச் சத்தம் வந்தா நான் ஒரே ஒரு காரியம்தான் பண்ணியிருக்கேன்.

இடது கால் எந்திரிச்சுப் போய் மிதிச்சுது.

நான் சொல்லலை. நான் யோசிக்கவே இல்ல. முன்பாதம் தொங்கலை, அடியில மாட்டலை, நேரா பெடல் மேல போய் முழு பலத்தோட இறங்குச்சு. பிரேக். மூக்கு தரையில இடிக்கற மாதிரி வண்டி குனிஞ்சுது, பின்பக்கம் சுத்திக்கிட்டு வந்துச்சு, வானம், சாமியானா, வானம். மணல்ல போய் நின்னுது. பச்சை வண்டி என்னைத் தாண்டிப் போச்சு, ஒருவழியா ரெண்டாவது கியர்ல.

தூசி அடங்கற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பெல்ட் தோள்ல அழுத்தினது தெரிஞ்சுது. அதுக்குக் கீழ எங்கயோ இன்னொண்ணு. முதல்ல எதுன்னே புரியலை. மேல்பாதத்துல இருந்து முட்டி வரைக்கும் யாரோ சூட்டுக்கோல் வச்சு இழுத்த மாதிரி. கண்ணுல தண்ணி கொட்டுது.

மௌலி மணல்ல ஓடி வந்தார். ஒரு செருப்பு காலோட இல்ல. கதவைப் பிடுங்கித் திறந்து, "கழுத்தா? முதுகா? அசையாத, அசையாத"ன்னார்.

"வலிக்குதுங்க."

"எங்க?"

"கால்ல."

"எந்தக் கால்?"

"இடது."

அவர் கதவைப் பிடிச்சுட்டே அப்படியே மணல்ல உட்கார்ந்துட்டார். என் ஷூவை அவிழ்த்தார், சாக்ஸைக் கழட்டினார். கார்த்திகைத் தழும்பு மேல விரலை வச்சு, "இங்கயா?"ன்னார். நான் கத்திட்டேன். டிராக் ஓரத்துல நிக்கற ஆளுங்க ஸ்ட்ரெச்சர் எடுத்துட்டு ஓடி வந்தாங்க. ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்கன்னு அவர் சொல்லிட்டே இருக்கார், அழுதுட்டே இருக்கார், அவங்களுக்கு ஒண்ணும் புரியலை.

"தூக்கு பார்க்கலாம்"னார். தூக்கினேன். கட்டை விரல் மட்டும் அசைஞ்சுது, நெல்லளவு. வலியில உயிர் போச்சு. திரும்ப அசைச்சேன். அப்புறம் அவர் போதும்னு சொல்ற வரைக்கும் அசைச்சுட்டே இருந்தேன்.

தனபால் அண்ணன் வந்து ஹெல்மெட்டைக் கழட்டி, முகமெல்லாம் வெளுத்துப் போய் நின்னார். அவர் வண்டியோட முன்பக்கம் மணல்ல பாதி புதைஞ்சு கிடக்கு, அதை ஒரு பார்வை கூடப் பார்க்கலை. "நான் ஜெயிச்சது செல்லாது அம்மிணி"ன்னார்.

"கியர் வண்டிதானே ஜெயிச்சுது? செல்லும்ணா."

அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆச்சு.

தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டேன். எல்லாரும் உட்காரு உட்காருன்னாங்க, நான் கேக்கலை. வாளியைத் தூக்கிட்டு வரிசையா பரிமாறினேன். ஒவ்வொரு எட்டுக்கும் பாதம் சுருக்குன்னுச்சு. அழுகை நிக்கவே இல்ல, மூக்கைத் துண்டுல துடைச்சுட்டே போட்டேன். யாருக்கு எத்தனை துண்டு கறி விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. மௌலி இலையில ரெண்டு தடவை வச்சுட்டேன் போல, அவர் தின்னவும் இல்ல.

பிப்ரவரி 3

பெனசிருக்குப் போன் பண்ணேன். அவ அக்கா குழந்தையைக் கையில வச்சிருந்தா போல, பின்னாடி வீல்னு சத்தம். "நேத்து ஒரு நாள்ல வந்திருக்காதுக்கா, கொஞ்ச நாளாவே வந்துட்டு இருந்திருக்கும். உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"ன்னு கேட்டா. இல்லம்மான்னேன். சாக்ஸ் ஞாபகம் வந்துச்சு, சொல்லலை. முழுசா வரும்னு இப்பவே சொல்ல முடியாதாம், கிளட்ச் மிதிக்கற அளவுக்கு வருமான்னும் சொல்ல முடியாதாம். சரின்னேன்.

பஞ்சு தெரியலை. சீப்பு என்னமோ மாதிரி. ஐஸ் வச்ச உடனே எடுத்துட்டேன்.

சென்னைக்காரங்க பெட்டி விஷயமா திரும்பக் கூப்பிட்டாங்க. மௌலி என்னைப் பார்த்தார். அப்புறம் பார்க்கலாம்னு சொல்லச் சொன்னேன்.

சாயங்காலம் வழக்கம் போல டப்புல தண்ணி கொண்டு வந்தார். கையை விட்டுப் பார்த்தார், சரியா இருக்குன்னு தலையாட்டினார். காலை எடுத்து உள்ள வச்சார்.

"சூடு அதிகமா இருக்குங்க"ன்னேன்.

அவர் பச்சைத்தண்ணி கொண்டு வர்றேன்னு எந்திரிச்சு உள்ள போனார். ஒரு சொம்புத் தண்ணிக்கு ரொம்ப நேரமா குழாயைத் திறந்து வச்சிருந்தார். நான் காலை வெளிய எடுக்காம அப்படியே உட்கார்ந்திருந்தேன்.